பூனைக்குட்டி வருமுன் வீட்டில் என்னென்ன வேண்டும்? மதுரைக்காரர்கள் கேட்கும் கேள்விகள்

மதுரைப் பக்கம் பெரும்பாலான பூனைக்குட்டிகள் கடையிலிருந்து வருவதில்லை. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் தாய்ப்பூனை குட்டி போட்டிருக்கும். இல்லையென்றால் உசிலம்பட்டியில் பெரியப்பா வீட்டு வைக்கோற்போரில் நான்கு குட்டிகள் கிடக்கும்; பிள்ளைகள் ஒன்றைக் கேட்டு அடம்பிடிப்பார்கள். "தூக்கிக்கொண்டு போ, தானாக வளர்ந்துவிடும்" என்று கொடுத்துவிடுவார்கள். தானாக வளராது. அதற்கென்று சில பொருள்கள் முன்கூட்டியே வீட்டில் இருந்தாக வேண்டும்; அதைவிட முக்கியமாக, சில பொருள்கள் வீட்டிலிருந்து வெளியேற வேண்டும். மருந்தின் பெயர்களையும் அளவுகளையும் இங்கே எழுதவில்லை. அவற்றைக் குட்டியைத் தொட்டுப் பார்த்த மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

குட்டி நாளை வருகிறது. இன்று மாலைக்குள் எதை எதை வாங்கினால் சமாளிக்கலாம்?

குட்டிகளுக்கென்றே தயாரித்த உணவு ஒரு சிறிய பொட்டலம். உணவுக்கும் தண்ணீருக்கும் இரண்டு அகலமான கிண்ணங்கள். மலசலம் கழிக்க ஒரு தாழ்ந்த தொட்டி, அதில் நிரப்ப மரத்துகளோ தென்னைநார்த் தூளோ. மூடி போட்ட உறுதியான கூடை ஒன்று. ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி; அதை மளிகைக் கடையில் கேட்டாலே கொடுப்பார்கள். இவற்றோடு, உங்கள் பகுதியில் பூனைகளுக்கு வைத்தியம் பார்க்கும் கால்நடை மருத்துவர் யார், எத்தனை மணிக்கு இருப்பார் என்று விசாரித்து, கைபேசியில் எண்ணைப் பதிந்து வைத்துவிடுங்கள். மாட்டுக்கும் ஆட்டுக்கும் வைத்தியம் பார்க்கும் எல்லா மருத்துவர்களும் பூனைக்குட்டியைக் கையில் எடுப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை இரவு பதினொரு மணிக்கு இதைத் தெரிந்துகொள்வது கொடுமை.

மற்றதெல்லாம் ஒரு வாரம் கழித்து வாங்கலாம்.

எத்தனை வாரக் குட்டியை எடுத்து வரலாம்?

எட்டு வாரம் நிறைந்திருக்க வேண்டும். பத்து வாரம் என்றால் இன்னும் நல்லது. தாயிடமிருந்து பால் மட்டும் வருவதில்லை. எங்கே மலம் கழிப்பது, எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதையெல்லாம் அந்த வாரங்களில்தான் தாயிடமும் உடன்பிறந்த குட்டிகளிடமும் கற்கிறது. நான்கு வாரத்தில் பிரித்துக் கொண்டுவந்த குட்டி கையைக் கடித்துக் குதறினால், குற்றம் குட்டியுடையது அல்ல.

பிறந்த தேதி தெரியாவிட்டால் கண்களைப் பாருங்கள். சின்னக் குட்டிகளின் கண்கள் நீலமாக இருக்கும். ஆறு, ஏழு வாரத்தில் அந்த நீலம் மாறத் தொடங்கும். தராசு இருந்தால் நிறுத்துப் பாருங்கள். எட்டு வாரக் குட்டி ஏறத்தாழ 700 முதல் 900 கிராம் இருக்கும். 400 கிராமில் கண் நீலமாக இருக்கும் குட்டியென்றால், தாய் அருகில் இருக்கும்வரை அங்கேயே விட்டுவைத்து, தாய்க்கு உணவு கொடுங்கள். மூன்று, நான்கு வாரம் பொறுத்து எடுத்துக்கொள்ளலாம்.

தாய் இறந்துபோனது உறுதியாகத் தெரிந்தால் கதை வேறு. பூனைக்குட்டிகளுக்கான பால்மாவு வாங்க வேண்டும், சில மணி நேரத்துக்கு ஒருமுறை புகட்ட வேண்டும், இரவிலும் எழுந்திருக்க வேண்டும். புகட்டும்போது கைக்குழந்தையைப் போல மல்லாத்திப் பிடிக்கவே கூடாது. பால் நுரையீரலுக்குள் போய்விடும். தாயிடம் குடிப்பதைப் போலக் குப்புற இருக்க வேண்டும், தலை சற்று உயர்ந்திருக்க வேண்டும். உடம்பு குளிர்ந்திருக்கும் குட்டிக்குப் பால் கொடுக்கவும் கூடாது. வெந்நீர் நிரப்பிய புட்டியைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்து, உடம்பு சூடேறிய பிறகுதான் பால்.

ஒரு கிண்ணத்தில் பால் ஊற்றி வைத்தால் போதாதா?

போதாது. பசும்பாலில் உள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரை பல பூனைகளுக்குச் செரிப்பதில்லை. வயிற்றுப்போக்கு வரும். ஒரு கிலோகூட இல்லாத உடம்பில் ஒரு நாள் வயிற்றுப்போக்கே தண்ணீரையெல்லாம் வற்றச் செய்துவிடும். பால் குடிக்கும் பூனை என்ற படம் நம் மனத்தில் ஆழமாகப் பதிந்திருப்பதால்தான் எத்தனையோ குட்டிகள் முதல் வாரத்திலேயே சுருண்டு படுக்கின்றன. எட்டு வாரம் கடந்த குட்டிக்குப் பாலே தேவையில்லை. தண்ணீர் வையுங்கள்.

எங்கள் வீட்டில் அசைவம் சமைப்பதில்லை. தயிர்சாதம், நெய்ச்சோறு என்று பழக்கிவிடலாமா?

வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன்: அப்படிப் பழக்குவதாக இருந்தால் பூனை வளர்க்காதீர்கள்.

பூனையின் உடல் இறைச்சியை நம்பியே அமைந்தது. டாரின் என்ற சத்தை நம் உடல் தானே தயாரித்துக்கொள்ளும். பூனையின் உடலால் போதிய அளவு தயாரிக்க முடியாது. இறைச்சி, மீன் இவற்றிலிருந்துதான் அதற்குக் கிடைக்க வேண்டும். டாரின் குறைந்தால் விழித்திரை கெட்டுப் பார்வை போகும், இதயத் தசை தளர்ந்து விரியும். 1987-இல் அமெரிக்கக் கால்நடை ஆய்வாளர்கள் இந்த இதயநோய்க்கும் டாரின் குறைவுக்கும் உள்ள தொடர்பைக் கண்டறிந்த பிறகுதான், பூனை உணவு தயாரிக்கும் நிறுவனங்கள் அதைக் கூடுதலாகச் சேர்க்கத் தொடங்கின. காய்கறியில் உள்ள கரோட்டினை வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளவும் பூனையால் முடியாது. தயிர்சாதம் தின்று வளர்ந்த பூனை பல மாதம் நன்றாக இருப்பதாகவே தோன்றும். உள்ளே நடப்பது வெளியே தெரிய நாளாகும்.

அசைவம் சமைக்காத வீட்டில் பூனையே கூடாது என்றும் நான் சொல்லவில்லை. பொட்டலத்தில் வரும் உலர் உணவைத் தனி டப்பாவில் வைத்து, தனிக் கரண்டியால் எடுத்துப் போட்டுவிடலாம். அடுப்படிக்குள் கொண்டுபோக வேண்டிய அவசியமே இல்லை. வீட்டுப் பெரியவர்களிடம் முன்பே பேசி, அந்த டப்பா எங்கே இருக்கும் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். குட்டி வந்த பிறகு இந்தப் பேச்சை எடுத்தால் மனக்கசப்புத்தான் மிஞ்சும்.

நாங்கள் மீன் சாப்பிடுகிறவர்கள். கரிமேட்டில் வாங்கும் மீனில் தலையையும் செதிலையும் போட்டு வளர்த்தால்?

சிறு துண்டாக அவ்வப்போது கொடுங்கள். அதையே முழு உணவாக்காதீர்கள். மத்தி போன்ற சில மீன்களைப் பச்சையாகத் தொடர்ந்து கொடுத்தால், அவற்றில் உள்ள ஒரு நொதி வைட்டமின் பி1-ஐ அழித்துவிடும். அவித்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. முள் எடுத்து, உப்பு, மிளகாய், மஞ்சள் எதுவும் சேராமல் அவித்த சதை மட்டும் கொடுங்கள். குழம்பில் கிடந்த மீனைக் கழுவிக் கொடுப்பது வேண்டாம். வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. குழம்பில் ஊறிய மீனில் இரண்டும் இறங்கியிருக்கும்.

அன்றாட உணவுக்கு உறையில் 'கிட்டன்' என்று அச்சிட்டதை வாங்குங்கள். ஒரு வயதுவரை அதுதான். வளர்ந்த பூனைக்கான உணவிலும் நாய் உணவிலும் குட்டிக்கு வேண்டிய அளவு சத்து இராது. ஒரு நாளைக்கு நான்கு வேளை, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். முன்பு இருந்த இடத்தில் என்ன தின்றது என்று கேட்டு, முதல் சில நாள் அதையே கொடுத்து, ஒரு வாரத்தில் படிப்படியாகப் புது உணவுக்கு மாற்றுங்கள்.

பெரிய மூட்டையாக வாங்குவது லாபம் என்று கடைக்காரர் சொல்வார். முதல் தடவை வேண்டாம். அந்த உணவு உங்கள் குட்டிக்குப் பிடிக்குமா, வயிறு ஏற்குமா என்று தெரியாமல் பத்துக் கிலோவை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்?

கிண்ணம் எது நல்லது? எங்கள் வீட்டில் எறும்புத் தொல்லை அதிகம்.

எவர்சில்வர் தட்டையான கிண்ணம் போதும். குழிவான கிண்ணத்தில் மீசை இடிப்பது பல பூனைகளுக்குப் பிடிப்பதில்லை. பிளாஸ்டிக்கில் கீறல் விழுந்து அழுக்குச் சேரும். தண்ணீருக்கு மானாமதுரை மண்சட்டியில் அகலமான சிறிய ஒன்றை வாங்கினால், சித்திரை வெயிலிலும் தண்ணீர் குளிர்ந்திருக்கும். நாள்தோறும் தேய்த்துக் கழுவி மாற்ற வேண்டும். மண்சட்டியில் வழவழப்புப் படிந்தால் எளிதில் போகாது. பூனைகள் இயல்பாகவே தண்ணீர் குறைவாகக் குடிப்பவை. எனவே உணவுக் கிண்ணத்தை விட்டுத் தள்ளி வேறோர் இடத்திலும் ஒரு சட்டித் தண்ணீர் இருக்கட்டும்.

எறும்புக்கு நம் பாட்டிமார் சர்க்கரை டப்பாவுக்குச் செய்த வழியே போதும்: அகலமான தாம்பாளத்தில் ஒரு விரற்கடைத் தண்ணீர் ஊற்றி, அதன் நடுவில் உணவுக் கிண்ணத்தை வையுங்கள். எறும்புச் சாக்பீசால் சுற்றிக் கோடு போடாதீர்கள். அதில் இருக்கும் பூச்சிமருந்து பூனையின் பாதத்தில் ஒட்டி, நக்கும்போது உள்ளே போகும்.

மலசலத் தொட்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள். எதை வாங்குவது, எங்கே வைப்பது?

ஒரு வீட்டில் பூனை நிலைப்பதும் நிலைக்காததும் பெரும்பாலும் இதைப் பொறுத்தது என்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

கடையில் 'லிட்டர் பாக்ஸ்' என்று கேட்டால் கொடுப்பார்கள். அதற்குப் பதிலாக, கொத்தனார்கள் பயன்படுத்தும் பிளாஸ்டிக் சாந்துச் சட்டியில் புதிதாக ஒன்று வாங்கினாலும் அருமையாக இருக்கும். அகலம் உண்டு, விளிம்பு தாழ்வு, கழுவிக் கவிழ்த்தால் உடனே உலரும். எட்டு வாரக் குட்டியின் கால் குட்டை. விளிம்பு நான்கு விரற்கடை உயரத்துக்குமேல் போனால் ஏற முடியாமல் வெளியிலேயே இருந்துவிடும். சட்டி உயரமாக இருந்தால் முன்னால் ஒரு செங்கல் வையுங்கள். மூடி போட்ட தொட்டி பார்க்க அழகாக இருக்கும். உள்ளே நாற்றம் அடைந்து நின்று பூனை வெறுத்துவிடும்.

உள்ளே நிரப்புவதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஈரம் பட்டால் கட்டியாகும் பெண்டோனைட் களிமண் துகள் வளர்ந்த பூனைக்கு நல்லது. குட்டிகள் எதையும் வாயில் போட்டுப் பார்ப்பவை. அந்தத் துகள் வயிற்றில் போய் உப்பிக் கட்டியாகும் ஆபத்து இருப்பதால், நான்கு மாதம் ஆகும்வரை அதைத் தவிர்ப்பது நல்லது. மாற்றாக மரத்துகள் உருண்டைகள் கிடைக்கின்றன. மொட்டைமாடித் தோட்டத்துக்காக விற்கும் தென்னைநார்த் தூள் கட்டியை உதிர்த்து நன்றாக வெயிலில் காயவைத்தும் போடலாம். நாற்றத்தைக் கட்டுப்படுத்துவதில் எனக்கு அதுதான் மிகவும் பிடிக்கும். மரப்பட்டறைத் தூள் இலவசமாகக் கிடைக்கும் என்றாலும், மாவு போல நுண்ணியதாக இருந்தால் குட்டிக்குத் தும்மலும் கண்ணெரிச்சலும் வரும். சுருள் சுருளாக இழைத்த தூளென்றால் சரி. வாசனை சேர்த்த எதையும் வாங்காதீர்கள். அந்த வாசனை உங்களுக்காகச் சேர்க்கப்பட்டது. பூனைக்கு அது உறுத்தல்.

இரண்டங்குல ஆழத்துக்கு நிரப்புங்கள். ஒதுக்குப்புறமான இடம் வேண்டும், ஆனால் கதவு சாத்திப் பூட்டும் இடமாக இருக்கக் கூடாது. உணவுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். துணி துவைக்கும் இயந்திரத்துக்கு அருகில் வைத்தால், அது ஒருநாள் குலுங்கிச் சத்தமிடும்போது குட்டி மிரண்டு, பிறகு அந்தப் பக்கமே போகாது. இடமிருந்தால் இரண்டு தொட்டிகள் வையுங்கள். மாடி வீடென்றால் தளத்துக்கு ஒன்று.

அள்ளுவதற்கு ஒரு பழைய ஜல்லிக்கரண்டியை ஒதுக்கிவிடுங்கள். காலையும் மாலையும் அள்ள வேண்டும், வாரம் ஒருமுறை முழுவதும் கொட்டிச் சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும். அள்ளியதைக் காகிதத்தில் பொதிந்து குப்பை வண்டியில் போடுங்கள். கீரைப்பாத்திக்கு உரமாகப் போடாதீர்கள்.

உணவு உண்டவுடனும் தூங்கி எழுந்தவுடனும் குட்டியைத் தூக்கித் தொட்டியில் விட்டால் இரண்டு மூன்று நாளில் பழகிவிடும். வெளியே போய்விட்டால் மூக்கைத் தேய்ப்பது, அடிப்பது எல்லாம் வீண் கொடுமை. குட்டி கற்பது ஒன்றே ஒன்றுதான்: உங்களைக் கண்டால் ஓட வேண்டும் என்பது.

என் மருமகள் கருவுற்றிருக்கிறாள். பூனை இருந்தால் கருவுக்கு ஆகாது என்கிறார்கள். உண்மையா?

பயத்துக்கு அடிப்படை உண்டு. ஆனால் பூனையின் முடியோ மூச்சோ காரணம் இல்லை. டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி சில பூனைகளின் மலத்தில் வெளிப்படும். ஒரு பூனை பெரும்பாலும் முதன்முறை தொற்றும்போது சில வாரங்களுக்கு மட்டுமே அதை வெளியேற்றும். மலத்தில் வந்த அந்தக் கிருமி பிறருக்குத் தொற்றும் நிலையை அடைய ஒரு நாளாவது ஆகும். எனவே தொட்டியை நாள்தோறும் சுத்தம் செய்துவிட்டால் ஆபத்து வெகுவாகக் குறையும். அந்த வேலையை உங்கள் மகனோ நீங்களோ செய்யுங்கள். மருமகள் செய்ய வேண்டாம். அரைவேக்காட்டு இறைச்சியும் கழுவாத கீரையும் இதே கிருமியைக் கொண்டுவரும் என்பதையும் நினைவில் வையுங்கள். மகப்பேறு மருத்துவரிடம் வீட்டில் பூனை இருப்பதைச் சொல்லிவிடுங்கள்.

படுக்கை வாங்க வேண்டுமா?

வேண்டாம். அட்டைப்பெட்டிக்குள் பழைய சுங்குடிச் சேலையையோ வேட்டியையோ மடித்துப் போடுங்கள். பருத்தியாக இருக்கட்டும்; தொங்கும் நூலை வெட்டிவிடுங்கள். மார்கழி இரவுகளில் இன்னொரு மடிப்பு சேர்த்தால் போதும்.

சோபாவைக் கிழிக்காமலிருக்க என்ன வாங்குவது?

நகம் தீட்டுவது பூனைக்கு மூச்சு விடுவதைப் போல. தடுக்க முடியாது, இடத்தை மாற்றலாம். இரண்டரை அடிக் கட்டையில் சணல் கயிற்றை நெருக்கமாகச் சுற்றி, ஆடாத அடிப்பலகையில் ஆணி அடித்து நிறுத்துங்கள். ஆடினால் தொடாது. அதைச் சோபாவுக்குப் பக்கத்திலேயே வைக்க வேண்டும். பின்கட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டுப் பயனில்லை என்று சொல்லாதீர்கள். குழந்தைகளுக்கான நகவெட்டியால் நக நுனியை மட்டும் வெட்டலாம். உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரியும் பகுதியில் இரத்தம் ஓடுகிறது, அதைத் தொடக் கூடாது.

கட்டைப்பையில் வைத்து பைக்கில் கொண்டுவந்துவிடலாம்தானே?

செய்யாதீர்கள். மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு லாரி ஒலிப்பானை அடித்தால் போதும். குட்டி பையிலிருந்து பாய்ந்து சக்கரங்களுக்கு நடுவில் விழும். பக்கவாட்டில் காற்றுத் துளைகளும் மூடியும் உள்ள பிளாஸ்டிக் கூடையை வாங்கி, மூடியை இரண்டு இடத்தில் கயிற்றால் கட்டுங்கள். உள்ளே ஒரு துணி. மேலே மெல்லிய துண்டு போட்டு அரைகுறையாக மூடுங்கள், இருட்டில் குட்டி அமைதியாக இருக்கும். ஆட்டோ நல்லது. பைக்தான் என்றால் பின்னால் ஒருவர் உட்கார்ந்து மடியில் பிடித்துக்கொள்ள வேண்டும். மேலூரிலிருந்தோ உசிலம்பட்டியிலிருந்தோ கொண்டுவருவதாக இருந்தால் விடிகாலையில் கிளம்புங்கள்.

வந்த பிறகு அந்தக் கூடையைப் பரணில் ஏற்றாமல் திறந்தபடி மூலையில் வைத்திருங்கள். அதற்குள் தூங்கிப் பழகிய குட்டியை மருத்துவரிடம் கொண்டுபோவது எளிது.

வீட்டிலிருந்து எதை எடுத்துவிட வேண்டும்?

முதலில் பினாயில். பூனையின் கல்லீரலில் பீனால் வகை வேதிப்பொருள்களை முறித்து வெளியேற்றும் ஆற்றல் மிகக் குறைவு. பினாயில் போட்டுத் துடைத்த தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கினால், நஞ்சு உள்ளே போகிறது. தண்ணீரில் ஊற்றினால் பால் போல வெளுக்கும் கிருமிநாசினிகள் பலவும் இந்த வகைதான். சோப்புத் தண்ணீரால் துடைத்து, வெறும் தண்ணீரால் இன்னொரு முறை துடைத்துவிடுங்கள்.

அடுத்தது பாரசிட்டமால். நமக்குக் காய்ச்சல் மாத்திரை. பூனைக்கு ஒரே மாத்திரைகூட உயிரைப் பறிக்கும். குட்டிக்கு உடம்பு சுடுகிறதே என்று பாசத்தோடு கால் மாத்திரையைக் கரைத்துப் புகட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அக்கம்பக்கத்தாரிடமும் இதைச் சொல்லுங்கள்.

அந்துருண்டை, கற்பூரம், யூக்கலிப்டஸ் தைலம், எலிமருந்து எல்லாம் பூட்டிய அலமாரிக்குள் போகட்டும். எலிமருந்தைத் தின்ற எலியைத் தின்றாலும் ஆபத்து உண்டு. வாசலில் அரளி இருந்தால் குட்டியை அந்தப் பக்கம் விடாதீர்கள். பூங்கொத்தில் வரும் லில்லிப் பூவின் மகரந்தம் உடம்பில் பட்டு நக்கினாலே பூனையின் சிறுநீரகம் செயலிழக்கும்.

பிறகு பள்ளங்களும் பொந்துகளும். தரைத்தொட்டியின் மூடி, கிணற்றின் கம்பிவலை, பிரிட்ஜின் பின்புறம், துணி துவைக்கும் இயந்திரத்தின் உட்புறம். காரைக் கிளப்புமுன் முன்மூடியை இரண்டு தட்டுத் தட்டுவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். குளிருக்கு எஞ்சின்மேல் ஏறிப் படுக்கும்.

நாங்கள் நாள்தோறும் மல்லிகை வாங்குகிறவர்கள். பூவால் கெடுதல் உண்டா?

மல்லிகையால் கெடுதல் இல்லை. மதுரை மல்லியை முகர்ந்து, உருட்டி, ஓரிதழைக் கடித்தாலும் ஒன்றும் ஆகாது. சரம் கட்டிய நூல்தான் எமன். பூனையின் நாக்கில் உள்நோக்கி வளைந்த முட்கள் உண்டு; வாயில் போன நூலை அதனால் துப்ப முடியாது, விழுங்கத்தான் முடியும். நூலின் ஒரு முனை எங்காவது மாட்டிக்கொள்ள, குடல் அதன்மேல் சுருக்கிக்கொண்டு அறுபடும். அறுவை சிகிச்சை செய்தால்தான் பிழைக்கும். இரவு தலையிலிருந்து எடுக்கும் வாடிய சரத்தை மேசைமேலோ ஜன்னல் திட்டிலோ போடாமல் மூடியுள்ள கூடையில் போடுங்கள். சாமி படத்துச் சரத்தையும் எட்டாத உயரத்தில் போடுங்கள். தையல் நூல், ஊசி, ரப்பர் பேண்டு, பட்டத்து நூல், ஜிகினா எல்லாவற்றுக்கும் இதே எச்சரிக்கை.

வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்குவதைப் பார்த்தால் இழுக்காதீர்கள். அப்படியே மருத்துவரிடம் ஓடுங்கள்.

கண்ணேறு படாமல் கழுத்தில் கறுப்புக் கயிறு கட்டலாமா?

கூடாது. குட்டி மாதத்துக்கு ஏறத்தாழ அரைக் கிலோ எடை கூடும், கயிறோ நீளாது. முடிக்குள் மறைந்திருக்கும் கயிறு தோலை அறுத்து உள்ளே புதைந்த பிறகுதான் பலர் கவனிக்கிறார்கள். பட்டை கட்டியே தீர வேண்டுமென்றால், எங்காவது மாட்டினால் தானே கழன்றுகொள்ளும் கொக்கி உள்ளதாக வாங்குங்கள். இரண்டு விரல் நுழையும் தளர்வு வேண்டும்.

ஷாம்பு, பவுடர், உண்ணி மருந்து?

ஷாம்பு வேண்டாம். பூனை தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். அழுக்கு ஒட்டியிருந்தால் ஈரத்துணியால் துடைத்து உடனே உலர்த்துங்கள்.

ஊரிலிருந்து வரும் குட்டிகளின் உடம்பில் தெள்ளுப்பூச்சி மொய்த்திருக்கும். அவை குடிக்கும் இரத்தத்தாலேயே சிறு குட்டி வெளிறிச் சோர்ந்து இறந்துவிடலாம். பிள்ளைகளுக்குப் பேன் எடுக்கும் சன்னமான சீப்பு ஒன்று புதிதாக வாங்கி, நாளும் வாரிப் பூச்சிகளைச் சோப்புத் தண்ணீரில் உதறுங்கள். கடையில் கிடைக்கும் நாய் உண்ணி மருந்தைப் பூசவே பூசாதீர்கள். பெர்மெத்ரின் கலந்த மருந்து நாய்க்கு ஒத்துக்கொள்ளும். பூனைக்கு வலிப்பு வந்து உயிர் போகும். இந்த ஒன்றில் மட்டும் கடைக்காரரின் வார்த்தையை நம்பாமல் மருத்துவரைக் கேளுங்கள்.

தடுப்பூசி எப்போது தொடங்க வேண்டும்?

குட்டி வந்த இரண்டு மூன்று நாளுக்குள் மருத்துவரிடம் காட்டுங்கள். குடற்புழு நீக்க மருந்து அன்றே தொடங்கும். பூனைகளின் பார்வோ எனப்படும் பான்லூக்கோபீனியா என்ற வைரஸ் நோயையும், இரண்டு வகைச் சளிக்காய்ச்சல் வைரஸ்களையும் தடுக்கும் கூட்டு ஊசியை ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறையாகப் பதினாறு வாரம்வரை போடுவார்கள். வெறிநோய்த் தடுப்பூசி மூன்று மாதம் நிறைந்த பிறகு. ஆணோ பெண்ணோ, ஐந்து மாத வாக்கில் கருத்தடை அறுவை சிகிச்சைக்கும் பணம் எடுத்து வையுங்கள்; பெண்பூனை கருவுற்ற ஒன்பதே வாரத்தில் குட்டிகளை ஈன்றுவிடும்.

உங்கள் வீட்டில் சில மாதங்களுக்குமுன் ஒரு குட்டி வாந்தி, வயிற்றுப்போக்கு வந்து இறந்திருந்தால், பான்லூக்கோபீனியா வைரஸ் ஓராண்டுவரைகூட அந்த இடத்தில் உயிரோடு இருக்கும். பழைய கிண்ணம், துணி, தொட்டி எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள். தரையை முதலில் சோப்பால் கழுவி, பிறகு பிளீச் கரைசல் ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவுங்கள். அப்படியும், தடுப்பூசி போட்டு முடித்த குட்டியை மட்டுமே அந்த வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும்.

எந்த மாதத்தில் கொண்டுவருவது நல்லது?

மாதத்தைவிட வீட்டில் சந்தடி இல்லாத வாரத்தைப் பாருங்கள். சித்திரைத் திருவிழாவுக்கு ஊரெல்லாம் உறவினர் வந்து நிறைந்திருக்கும்போதும், தீபாவளி வெடி தொடங்கிய பிறகும் வேண்டாம். ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாள்களில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியிலோ மொட்டைமாடி அறையிலோ குட்டியை விடக் கூடாது. வாய் திறந்து மூச்சு வாங்கும் பூனை அபாயத்தில் இருக்கிறது என்று பொருள்.

இந்த வெயிலில் பெர்சியன் குட்டி வளர்க்கலாமா?

நான் சொன்னால் வேண்டாம் என்றே சொல்வேன். அடர்ந்த முடி, தட்டை மூக்கு இரண்டும் மதுரை வெயிலுக்கு ஆகாதவை. குளிர்சாதன அறையும் நாள்தோறும் முடி வாரிவிட நேரமும் வேண்டும். தெருவில் எத்தனை நாட்டுக்குட்டிகள் வீடில்லாமல் திரிகின்றன!

மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறோம்.

வீட்டுக்காரரிடம் முன்பே சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். பால்கனிக்குப் புறா வலை கட்டினால் குட்டி விழாது. கம்பிகளுக்கு இடையே தலை நுழையும் அகலம் இருந்தால் உடம்பும் நுழையும். மொட்டைமாடிக் கதவு சாத்தியே இருக்கட்டும். கீழே தெருநாய்கள் இருக்கின்றன.

விளையாட்டுப் பொருள்?

கசக்கிய காகித உருண்டை, பிளாஸ்டிக் பந்து, அட்டைப்பெட்டி. குச்சியில் கட்டிய இறகு வாங்கினால், விளையாடி முடித்ததும் எடுத்து உள்ளே வைத்துவிட வேண்டும், அதிலும் நூல் இருக்கிறது. கையையும் காலையும் காட்டி விளையாட்டுக் காட்டாதீர்கள்.

பிள்ளையைப் பிறாண்டிவிட்டால்?

சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சளோ சுண்ணாம்போ வைத்துக் கட்டாதீர்கள். அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு இராசாசி மருத்துவமனைக்கோ போய்க் காட்டுங்கள். தடுப்பூசி போடாத, எங்கிருந்தோ வந்த குட்டி என்றால், சிறு கீறல்தானே என்று இருந்துவிடக் கூடாது. வெறிநோய் அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்ற வழியில்லை.

கையில் குறைந்த பணம்தான் இருக்கிறது. எதற்கு முதலில் செலவிட வேண்டும்?

தடுப்பூசிக்கும் மருத்துவருக்கும் முதலில் எடுத்து வையுங்கள். மதுரையில் அரசு கால்நடை பன்முக மருத்துவமனை இருக்கிறது, அங்கே கேளுங்கள். அடுத்தது உணவு. மூன்றாவது நல்ல மூடியுள்ள கூடை. படுக்கை, பட்டை, விளையாட்டுப் பொருள் இவற்றுக்கு ஒரு ரூபாய்கூட வேண்டியதில்லை. இரண்டு குட்டிகளை ஒன்றாக எடுத்தால் ஒன்றுக்கொன்று துணையாக இருக்கும், சோபாவும் உங்கள் கையும் தப்பும். இரண்டுக்கும் ஊசி போட வசதியிருந்தால் தயங்காதீர்கள்.

முதல் இரவு என்ன செய்ய வேண்டும்? எதையும் தின்னாவிட்டால்?

வீடு முழுவதும் திறந்துவிடாதீர்கள். ஒரே அறை, அதில் தொட்டி ஒரு மூலையில், உணவும் தண்ணீரும் எதிர்மூலையில், பெட்டி நடுவில். பெட்டிக்குள் போய் ஒளிந்தால் இழுக்காதீர்கள். தாயிருந்த இடத்துத் துணி ஒரு முழம் கிடைத்தால் வாங்கிவந்து பெட்டிக்குள் போடுங்கள். இரவில் கத்தும், நீங்கள் அதே அறையில் படுத்தால் சீக்கிரம் அடங்கும். பிள்ளைகளைத் தரையில் உட்காரச் சொல்லுங்கள், குட்டியே தேடி வந்து மடியேறட்டும்.

முதல் சில மணி நேரம் தின்னாமல் இருப்பது இயல்பு. ஈர உணவை இலேசாக வெதுவெதுப்பாக்கி வைத்தால் மணத்துக்கு வரும். பன்னிரண்டு மணி நேரம் கடந்தும் வாய் வைக்காவிட்டாலோ, வாந்தியோ வயிற்றுப்போக்கோ சேர்ந்துகொண்டாலோ, ஈறு வெளிறியிருந்தாலோ, நாளை பார்க்கலாம் என்று ஒத்திப்போடாமல் கூடையில் வைத்துக் கிளம்பிவிடுங்கள்.